மூன்றாம் மாடிக்கு நாற்பத்தேழு விநாடி

முப்பத்தெட்டு வருஷம் நான் ஏற்றி இறக்கிய லிஃப்டில், ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து, விருந்தாளியாக ஏறினேன். பெட்டியை வேறொருவர் தூக்கி வந்தார். அந்தச் சுகம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு முறை வேலைக்குச் சேர்ந்து இன்னொரு முறை ஓய்வு பெறலாம். என் மனைவிக்குத்தான் மனசு வரவில்லை. தூக்கி வந்தவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"விடேன், அது அவர் வேலை."

"உள்ள உங்க பல் செட்டு இருக்கு. உடைஞ்சா நாளைக்கு எதை வெச்சுக் கதை அளப்பீங்க?"

ஓட்டல் பழைய துறைமுகக் கரையில் இருக்கிறது. பெரிய கப்பல்களெல்லாம் எப்போதோ வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன. கிடங்குகளில் காபிக் கடைகள் வந்துவிட்டன. எங்கள் கட்டடம் மட்டும் நடுவில் நாலு மாடியோடு, குளிக்க மறந்த பெரிய மனிதர் மாதிரி நிற்கிறது. வயது நூற்றுச் சொச்சம். நான் சொல்லும்போது முந்நூறு. வெளிநாட்டார் யாராவது வாயைப் பிளந்தால் நானூறு.

என் வேலையைச் சொல்ல வேண்டும். லிஃப்டின் பித்தளைக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பினால், முதல் மாடிக்குப் பதினைந்து விநாடி, இரண்டாம் மாடிக்கு முப்பத்தொன்று, மூன்றாம் மாடிக்கு நாற்பத்தேழு. அத்தனை நேரம் நாலு பேர் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பொறுக்காது. அதனால் கதை சொல்லுவேன். நேரத்துக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்த கதைகள். முதல் மாடிக்காரர்களுக்குக் கதை கிடையாது, ஒரு வதந்தி மட்டும். இரண்டாம் மாடிக்கு ஒரு கொலை. மூன்றாம் மாடிக்குப் போகிறவர்களுக்குத்தான் காதல், பிரிவு எல்லாம். நான் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கதவு திறக்கும். ஒரு விநாடி முந்தாது, பிந்தாது.

கடல் பொங்கி வரவேற்பறைக்குள் வந்தபோது ஒரு சுறா, சாவி வாங்க வரிசையில் நின்றது என் கதைதான். சமையலறைப் பெரிய சட்டியில் ஒரு மாலுமி மூன்று மாதம் குடியிருந்ததும் என் கதைதான். யாரும் என்னிடம் உண்மையா என்று கேட்டதில்லை. சிரிப்பார்கள், இறங்கிப் போவார்கள்.

முந்தைய மேனேஜர் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு மூன்று நாள் என்னோடு மேலும் கீழும் போய்வந்தார். ஓட்டலுக்குப் புராதனக் கட்டடம் என்ற அந்தஸ்து வாங்கும் அவசரம் அவருக்கு. கொஞ்ச நாளில் புத்தகமாக வந்துவிட்டது. தங்க எழுத்து, கனமான தாள், ஒவ்வொரு கதைக்கும் கீழே "நேரில் கண்டவர்: லிஃப்ட் ஊழியர்" என்று ஒரு வரி. ஒவ்வொரு அறையிலும் கட்டில் பக்கத்தில் ஒரு பிரதி. நான் இருபது பிரதி வாங்கி ஊரெல்லாம் கொடுத்தேன். வீட்டில் மிஞ்சியதை என் மனைவி ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அதனால், இப்போதைய மேனேஜரம்மா போன் செய்து, "அங்கிள், ஆன்ட்டியையும் கூட்டிக்கிட்டு வந்து ரெண்டு மூணு நாள் தங்கிட்டுப் போங்க, எங்க விருந்தாளியா" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்டுக்கு என் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சிலை என்றேன். புது ஷூ வாங்கினேன்.

அறைக்குள் நுழைந்து தலையணைகளை எண்ணினேன். ஆறு. இரண்டு பேருக்கு ஆறு தலையணை. ஏழாவது ஒன்று கேட்டுப் பார்க்கலாமா என்று போனைத் தொடும்போது மேனேஜரம்மாவே வந்துவிட்டாள். இருபத்திரண்டு வயதில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள். என் கதைகளுக்கு மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தவள். இப்போது நின்றுகொண்டே பேசினாள்.

"அங்கிள், முப்பத்தொண்ணாம் நம்பர் ரூம் கதை ஞாபகம் இருக்கா?"

"இருக்காவா? சொல்லவா?"

"வேண்டாம். அது பொய்னு ஒருத்தங்ககிட்ட நீங்க சொல்லணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

முப்பத்தொன்றாம் அறைக் கதை இதுதான். புருஷன் கப்பலோடு காணாமல் போகிறான். பெண்டாட்டி இந்த அறை ஜன்னலில் உட்கார்ந்து படகுத்துறையையே பார்க்கிறாள். போய்விடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். போகவில்லை. நாற்பதாவது நாள் சாயங்காலம், தோளில் பையோடு ஒருவன் துறைப் படிக்கட்டில் ஏறி வருகிறான். அவள் ஜன்னலைத் திறந்து கூப்பிடுகிறாள். அவன் நிமிர்ந்து பார்க்கிறான். கதவு திறக்கும். மூன்றாம் மாடி.

"அதை நம்பி ஒரு அம்மா முப்பத்தெட்டு நாளா அந்த ஜன்னல்ல உட்கார்ந்திருக்காங்க" என்றாள்.

அந்த அம்மா ஒரு தையல்காரி. மகன் சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்குப் போனவன். நாலு மாதம் முன்பு கப்பல் மூழ்கி, ஒன்பது பேரில் ஆறு பேர் கிடைத்தார்கள், மூன்று பேர் இல்லை. அந்த மூன்றில் இவன் ஒருவன். தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று எழுதிக் கொடுக்கக் கப்பல் கம்பெனி அவளை வரவழைத்து, இரண்டு நாள் இந்த ஓட்டலில் தங்க வைத்திருக்கிறது. ராத்திரி தூக்கம் வராமல் கட்டில் பக்கத்துப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். மறுநாள் காலையில் கீழே வந்து, "எனக்கு முப்பத்தொண்ணாம் நம்பர் ரூம் கொடுங்க, உங்க திரைச்சீலை, மெத்தை உறை எல்லாத்தையும் நான் தைச்சுத் தரேன்" என்று கேட்டாளாம். மேனேஜரம்மாவுக்கு மனசு இளகி, சரி என்றிருக்கிறாள். நாலைந்து நாளில் தானே போய்விடுவாள் என்ற நினைப்பு.

"இப்ப என்ன?" என்றாள் என் மனைவி.

"ஊர்ல அவங்க பொண்ணுக்கு எட்டு மாசம், ஆன்ட்டி. ரத்தக்கொதிப்பு ஏறிப்போய் இன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. எந்நேரமும் ஆபரேஷன் பண்ணணும்கறாங்களாம். மாப்பிள்ளை எனக்கே போன் பண்ணி அழறார். அவ அம்மா அம்மாங்கறா, வேற பேச்சே இல்லைன்னு. இந்தம்மா என்னடான்னா, இன்னும் ரெண்டே நாள், நாற்பது ஆகட்டும், பையனையும் கூட்டிக்கிட்டே வந்துடறேன்கறாங்க. எட்டு மணி நேரப் பிரயாணம் அங்கிள். நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. நீங்க போய்ப் பேசினா அதுல ஏத்திடலாம்."

மணி அப்போது இரண்டு.

"இவ்வளவுதானே? பத்து நிமிஷம்" என்று எழுந்தேன். புது ஷூ கீச்சுக் கீச்சு என்று சத்தம் போட்டது.

கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோரம் தையல் மிஷின். அதன்மேல் ஒரு பச்சைத் திரைச்சீலை பாதி தைத்தபடி கிடந்தது. அவளுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். கை துணியில், கண் ஜன்னலுக்கு வெளியே. துணியைப் பார்க்காமலே தைத்துக்கொண்டிருந்தாள், ஒரு தையல்கூடக் கோணவில்லை. இதில் நான் ஒரு சொட்டுகூடக் கூட்டவில்லை.

"அம்மா, நான் இங்க லிஃப்ட்ல வேலை பார்த்தவன். அந்தப் புத்தகத்துல..."

மிஷின் நின்றது. எழுந்து நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், கலங்கரை விளக்கு தோற்றது.

"நேரில் கண்டவர்னு போட்டிருக்கே, அது நீங்களா அண்ணா? உட்காருங்க, உட்காருங்க. நானே உங்களைத் தேடணும்னு இருந்தேன். அன்னிக்கு நீங்க எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?"

"நானா? நான்... கீழ வாசல்ல."

"அந்த ஆள் எந்தப் பக்கமா வந்தார்? படிக்கட்டு ரெண்டு இருக்கே. நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துக் கழுத்து வலிக்குது."

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக யாராவது கேள்வி கேட்டால் இந்த வாய்க்குப் பதில் மட்டும்தான் வரும்.

"இடது பக்கப் படிக்கட்டு" என்றேன்.

"நெனைச்சேன். என்ன சட்டை?"

"நீலம். நீலச் சட்டை. கை மடிச்சு விட்டிருந்தார்."

"தாடி?"

"கொஞ்சம். ஒரு காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்தார். வலி இருக்கும்போல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இருக்கத்தானே செய்யும். எத்தனை நாள் தண்ணியில இருந்தாரோ. அப்புறம்? அந்தம்மா கூப்பிட்டதும் என்ன பண்ணார்?"

அப்புறம் நான் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பையைக் கீழே போட்டதையும், படியிலேயே உட்கார்ந்துவிட்டதையும், ஒரு மீன்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்ததையும் சொன்னேன். மீன்காரரின் கூடை நிறத்தைக்கூடச் சொன்னேன். நாற்பத்தேழு விநாடிக்குள் அடைந்து கிடந்த கதை. கதவு திறக்கிற அவசரமே இல்லாத ஒரு அறையில், இப்படி வாங்கிக்கொள்கிற ஒரு முகத்துக்கு முன்னால், அது தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே போயிற்று. வெளியே வந்தபோது மணி நாலைத் தாண்டி ஐந்து நிமிஷம், பஸ் போய்விட்டது.

கீழே மேனேஜரம்மாவும் என் மனைவியும் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்ததும் என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருஷக் குடித்தனம்.

"என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"நீலச் சட்டை" என்றேன்.

"என்னது?"

"கேட்டாங்க. சொல்லிட்டேன்."

மேனேஜரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். என் மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கு. நீங்க சட்டைக்குக் கலர் அடிச்சுட்டு வந்திருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அறைக்குப் போய் ஆறு தலையணையில் நாலைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலை இருவருமாகப் போனோம். முப்பத்தொன்பதாவது நாள். தையலம்மா தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். மிஷினை இடது பக்கம் தள்ளிப் போட்டிருந்தாள், இடது படிக்கட்டு நேராகத் தெரியும்படி. கால் கட்டுவதற்கு என்று ஒரு துணிப்பட்டை தைத்து மடித்து வைத்திருந்தாள். நேற்று நான் நொண்ட வைத்த காலுக்கு.

"அம்மா, நேத்து நான் சொன்னது அத்தனையும் பொய். அந்தக் கதையே பொய்."

அவள் சிரித்தாள். "மேனேஜரம்மா அனுப்பினாங்களா? பாவம், நல்ல பொண்ணு. நான் போகணும்னு பார்க்கிறாங்க."

"இல்லம்மா, நெஜமாவே பொய். நானா கட்டினது."

"நேத்து மீன்காரர் கூடை செகப்புன்னு சொன்னீங்களே. கட்டின கதைக்கு யாராவது கூடைக்குக் கலர் சொல்வாங்களா?"

"இவர் சொல்வார்" என்றாள் என் மனைவி. "இவர் அதுக்கு மேலயும் சொல்வார். எங்க கல்யாணத்துல ஆயிரம் பேர் சாப்பிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியறார். அம்பத்திரண்டு பேர். எனக்கு ஒரு ஆபரேஷன் ஆச்சு, வயித்துல இருந்து தேங்கா அளவு கட்டி எடுத்தாங்கன்னார். மிளகு அளவு. இவர் பேச்சை நம்பி நான் ஒரு தடவைகூடக் குடை எடுக்காம வெளிய போனதில்ல. புளுகர் அக்கா இவர், அசல் புளுகர். நான் சத்தியம் பண்றேன்."

கட்டின பெண்டாட்டி எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ். அதை நான் தலையாட்டி ஆமோதித்துக்கொண்டிருந்தேன்.

தையலம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "புளுகர்னா, இப்ப சொல்றது மட்டும் எப்படி நெஜமாகும்?" என்றாள்.

அவளுடைய போன் அடித்தது. எடுத்து, "இல்லடா கண்ணு, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ. அண்ணனோட வரேன்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லி, பாதியில் நின்றது. தையலம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "வெச்சுட்டா" என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "அம்மா, என்னோட ஒரு தடவை லிஃப்ட்ல வாங்க" என்றேன்.

"ஜன்னலை விட்டுட்டா?"

"இவ பார்த்துக்குவா." என் மனைவி உடனே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

நான் போன பிறகு லிஃப்டில் ஆள் போடவில்லை, பொத்தான் வைத்துவிட்டார்கள். வேகம் மட்டும் பழைய வேகம்தான். கீழே போய், கதவைச் சாத்தி, மூன்றை அமுக்கினேன். "முப்பத்தொன்றாம் அறை. புருஷன் கப்பலோடு போனவன்..." என்று ஆரம்பித்தேன். அவன் நிமிர்ந்து பார்க்கிறான் என்று சொல்லி முடித்தபோது கதவு திறந்தது.

மறுபடி கீழே. இந்தத் தடவை அவன் வரவில்லை, அவனுடைய நாய் வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி வந்து, ஜன்னலைப் பார்த்து ஒரே ஒரு தரம் குரைத்தது. கதவு திறந்தது.

மூன்றாவது தடவை அந்தப் பெண், எதிர்த்த கிடங்கில் கணக்கெழுதுகிறவனைப் பார்த்துப் பார்த்து அவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று படிக்கட்டில் பழைய புருஷன். கதவு திறந்தது.

அவள் இப்போது என்னைப் பார்க்கவில்லை. கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி அல்லவா, அளவு தெரிந்தவள். துணிக்கு ஏற்றபடி வெட்டியிருக்கிறான் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நாற்பதுன்னு எதுக்கு வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"மொதல்ல ஏழு நாள்னு சொல்லிக்கிட்டிருந்தேன். யாரும் கண்டுக்கலை. இருபதுன்னேன், பரவாயில்லைன்னாங்க. நாற்பதுன்னு சொன்னன்னிக்கு ஒரு அம்மா கண்ணைத் துடைச்சாங்க. அதுலயே நிறுத்திட்டேன்."

லிஃப்டின் மூலையில் நான் உட்காரும் முக்காலி இன்னும் இருந்தது. அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுடைய தோள்கள், உள்ளே இருந்த ஏதோ ஒரு கம்பியை உருவி எடுத்தது மாதிரி தளர்ந்துபோயின. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்ப அந்த ரூம்ல யாருமே இருந்ததில்லையா?"

இருந்தாள் ஒருத்தி. அதையும் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். கப்பல்காரர் ஒருவரின் மனைவி. காத்திருந்தாள். ஒன்பதாவது நாள் காலையில் பெட்டியோடு கீழே இறங்கினாள். நான்தான் இறக்கினேன். அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்போது எனக்குக் கதை சொல்லும் பழக்கம் வந்திருக்கவில்லை. அந்த நாற்பத்தேழு விநாடி தாங்காமல்தானோ என்னவோ, பிற்பாடு ஆரம்பித்தேன்.

"ஒன்பதே நாளா?"

"ஒன்பதே நாள்."

"புருஷன் வந்தாரா அப்புறம்?"

"தெரியாதும்மா. அவங்க திரும்பி வரவே இல்லை."

அவள் கம்பிக் கதவைப் பாதி இழுத்து நிறுத்தினாள்.

"பத்தாவது நாள் அவர் வந்து, ஜன்னல்ல யாரும் இல்லாமப் போயிருந்தா?" என்றாள்.

அவள் பாதி இழுத்த கதவை நான் முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

அரை மணியில் பெட்டி கட்டிவிட்டாள். பன்னிரண்டு மணி பஸ். மேனேஜரம்மா வண்டி பிடித்துத் தந்தாள். வண்டியில் ஏறும்போது தையலம்மா என் கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள்.

"அண்ணா, கதை பொய்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. சண்டை இல்லை. ஆனா முப்பத்தொன்பது நாள் உட்கார்ந்துட்டேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க உட்காருவீங்களா? பொய்யாவே இருக்கட்டும். யாராவது உட்கார்ந்திருந்தாங்கன்னு இருக்கணும்." மகனுடைய போட்டோ ஒன்றை என் சட்டைப் பையில் செருகினாள். "நடக்கும்போது ரெண்டு கையையும் வீசி நடப்பான். ஆறு மணிக்கு எனக்குப் போன் பண்ணுங்க."

நாற்பதாவது நாள். விடிந்ததும் முப்பத்தொன்றாம் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க இடது படி, நான் வலது படி" என்றாள்.

பொய் என்று மெனக்கெட்டுச் சொன்னவனும் நான், அதைக் காவல் காப்பவனும் நான். சிரிப்பு வரவேண்டிய சமாசாரம். காலை ஏழரைக்கு முதல் பயணிகள் படகு வந்தது. இருபத்தாறு பேர் இறங்கினார்கள். எண்ணினேன். ஒன்பது மணிக்கு ஒரு மீன் படகு. பத்தரைக்கு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் தலைகள் படிக்கட்டு விளிம்பில் எழும்போது என் கை சட்டைப் பைக்குள் போட்டோவைத் தேடியது. அந்த ஜன்னலில் அரை நாள் உட்கார்ந்தாலே போதும், யார் வேண்டுமானாலும் எவன் கதையை வேண்டுமானாலும் நம்புவார்கள். கடல் அப்படி ஒன்றுமே சொல்லாமல் கிடக்கிறது.

மூன்று மணிக்கு என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏங்க, அங்க பாருங்க."

வலது படியில் ஒருவன். இருபத்தைந்து வயசு இருக்கும். தோளில் பை. இரண்டு கையையும் வீசி வீசி நடந்து வந்தான்.

"நிமிர்ந்து பாரு, நிமிர்ந்து பாருடா" என்றாள் என் மனைவி. நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. தொண்டை வரைக்கும் கூப்பாடு வந்துவிட்டது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவன் பெயர்கூட அப்போது என் நாக்கில் வரவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். போட்டோவைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். வேறு முகம். எதிர்க் காபிக் கடைக்குள் போய்விட்டான். வேலைக்கு வந்தவன் போலிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு மேசை துடைத்தான்.

அதன் பிறகும் படகுகள் வந்தன, இறங்கினவர்களை எண்ணிக்கொண்டே இருந்தோம்.

ஆறு மணிக்குப் போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"வந்தானா அண்ணா?"

என் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலைம்மா."

"யாருமே வரலையா?"

"பதினோரு படகு வந்துது. முன்னூத்தி நாலு பேர் எறங்கினாங்க. எல்லார் முகத்தையும் பார்த்தோம்."

"சரி" என்றாள். பின்னால் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். ஆஸ்பத்திரி.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"கொழந்தை தங்கலை அண்ணா. நேத்து சாயங்காலம் ஆறு மணி. நான் பஸ்ல இருந்தேன். ராத்திரி எட்டரைக்குத்தான் வந்து சேர்ந்தேன்." குரல் ஒரே மட்டமாக இருந்தது. "எல்லாம் முடிஞ்சப்புறம் நீ எதுக்கு வந்தேன்னு பொண்ணு கேட்டா. அவ்வளவுதான். செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. இன்னும் திரும்பலை. நான் அவ முதுகைத்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

முந்தாநாள் நாலு மணி பஸ்ஸில் ஏறியிருந்தால் நேற்று நாளெல்லாம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அவளுக்கு அது தோன்றியதோ இல்லையோ. அவள் சொல்லவில்லை. முந்தாநாள் நாலு மணிக்கு நான் ஒரு மீன்காரருக்குச் சிவப்புக் கூடை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா..." என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. தள்ளுவண்டி மறுபடி ஒரு முறை போய்த் திரும்பியது.

"அண்ணா, அங்க இன்னும் வெளிச்சம் இருக்கா?"

பார்த்தேன். "இருக்கும்மா. கொஞ்சம் இருக்கு."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க" என்றாள்.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.